மூன்றாம் இலை

இதில் வரும் செய்திகளுள் நான் கண்ணால் கண்டவற்றையும், சொல்லும் உரிமை உடையவர் என் முகத்துக்கு நேரே சொன்னவற்றையும் மட்டுமே உறுதியாக எழுதுகிறேன். பிறர் வாய்வழி வந்தவற்றை எழுத நேர்ந்தால், அவை கேள்விச் செய்திகள் என்று குறித்துவிடுகிறேன். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. என் தமக்கையின் கணவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக ஐயங்களே உண்மைகளாக உலவி வந்திருக்கின்றன. ஒருவர் ஊகித்ததை அடுத்தவர் செய்தியாகச் சொன்னார். அதைக் கேட்டவர் சான்றாகக் கொண்டார். பெயர்களையும் விலக்கியிருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

மாமா என்று நான் அழைக்கும் அவர், நாகப்பட்டினத்தில் கப்பலேறி, தாயின் இடுப்பில் அமர்ந்தபடி பினாங்குத் துறையில் வந்திறங்கியவர். அவருடைய தந்தை பத்து காவானில் ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினார். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. மாமா இளமையில் நிரந்தரக் குடியிருப்பாளருக்கு உரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தார். குடியுரிமை கிடைத்து அட்டை நீலமானதும் தரைப்படையில் சேர்ந்தார். தாய்லாந்து எல்லைக் காடுகளில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு விலகினார். பின்னர் ஓய்வு பெறும்வரை துறைமுகக் கிடங்கொன்றில் வேலை. இவ்வளவும் ஐயமற்றவை.

படைவாழ்வைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் ஒரே விடைதான் இருந்தது.

"இந்த நாடு நமக்குச் சோறு போட்டுச்சு. உப்புத் தின்ன விசுவாசம் வேணாமா?"

அத்துடன் வாயை மூடிக்கொள்வார். என் தந்தைக்கு இந்த விடையைக் கேட்டாலே எரிச்சல் வரும். "நாடா சோறு போட்டுச்சு? நாம ஒழச்சோம், தின்னோம். இவருக்கு மட்டும் தட்டுல வச்சு ஊட்டினாங்களாக்கும்" என்பார். செஞ்சோற்றுக் கடன் என்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. ஆயினும், இடுக்கண் நேர்ந்த இடத்தில் தோன்றவேண்டிய நன்றி, கேட்டவுடன் எடுத்து வைக்கும் ஆயத்த விடையாக இருந்தது எனக்கும் உறுத்தியது. கதவைத் திறக்கச் சொன்னால் சன்னல் வழியே ஒரு தட்டை நீட்டுவது போன்ற விடை அது.

பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருக்கும் வரிசைவீட்டில் தீபாவளிக்கு முதல்நாள் மாலை, மறைந்தோருக்குப் படையல் இடுவார்கள். இங்குள்ள நம்மவர் பலர் வீட்டிலும் இது உண்டு. இலைகளை விரித்து, இறந்தவர் விரும்பி உண்டவற்றைப் பரிமாறி, அவர் குடித்தவராயின் கறுப்புப் பீரும் புகைத்தவராயின் சுருட்டும் வைத்து, விளக்கேற்றி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் உண்ணும் நேரம் அது. மாமாவின் வீட்டில் அவருடைய தந்தைக்கு ஓர் இலை, தாய்க்கு ஓர் இலை. அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி மூன்றாவதாக ஓர் இலை.

அந்த மூன்றாம் இலைக்கு மாமாவே சமைப்பார். அதற்கெனத் தனிச் சட்டியும் தனி அகப்பையும் இருந்தன. கோழியைப் பாசார் எனும் சந்தையில் மலாய்க்காரர் கடையில் மட்டுமே வாங்குவார். அந்த இலையின் முன் பீர் இல்லை, சுருட்டு இல்லை. யாருக்கு என்று கேட்டால், "தெரிஞ்சவங்களுக்கு" என்பார். பழந்தமிழர் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டுக் கள் படைத்தனர் என்று மாணவர்களுக்கு நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். கள்ளில்லாத அந்த இலையை ஒரு படைவீரனோடு தொடர்புபடுத்திப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

என் தமக்கைக்கு வேறொன்று தோன்றியது.

"தெரிஞ்சவங்களாம். ஹலால் கோழி, தனிச் சட்டி. தெரியாமத்தான் கேக்குறேன், செத்துப்போன எந்தத் தமிழச்சி ஹலால் பாத்துச் சாப்பிடுறா? மலாய்க்காரிதான்டா தம்பி. பார்டர்ல இருந்தப்ப வச்சிருந்திருக்காரு."

"அக்கா, சான்று இல்லாம பேசக்கூடாது."

"சட்டிதான் சான்று. நீ வாத்தியாரு, ஒனக்கு எழுதிக் காட்டினாத்தான் நம்புவே. நான் பொண்டாட்டிலா. எனக்குச் சட்டி போதும்."

இது வெறும் பொறாமையாக இருந்திருந்தால் சிரித்துக் கடந்திருப்போம். அவர் மனத்தில் இருந்த அச்சம் வேறு. மலாய்ப் பெண்ணை மணந்திருந்தால், இந்நாட்டுச் சட்டப்படி மாமா இசுலாத்தைத் தழுவியிருக்க வேண்டும். தழுவியிருந்தால், அவர் இறக்கும்போது இறுதிக் கடன் அந்தச் சமய முறைப்படியே நடக்கும். குடும்பத்தார் அறியாமல் மதம் மாறியிருந்தவர்களைப் பற்றிய பேச்சை இந்நாட்டில் நாம் எல்லாரும் எங்கேனும் கேட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தீபாவளிக்குப் பிறகு அறுவை மருத்துவம் என்று நாள் குறித்தார்கள். அன்றுமுதல் தமக்கை ஒரே கேள்வியோடு உறங்கி ஒரே கேள்வியோடு விழித்தார்: அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவரை எங்கே கொண்டுபோவது? கொள்ளி வைக்க மகன் இருக்கிறான். வைக்க விடுவார்களா?

மாமாவின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார். முசுலிம்களின் அட்டையில் மதம் குறிக்கப்பட்டிருக்கும்; இதில் குறிக்கப்படவில்லை. "பழைய அட்ட. மாத்தாமயே வச்சிருந்தா?" என்றார். அட்டையை அவருடைய பணப்பையில் திரும்ப வைக்காமல் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். இதை நான் கண்ணால் கண்டேன்.

அதற்கு முந்தைய தீபாவளியில் அவர் ஒரு சோதனையும் செய்திருந்தார். மாமா குளிக்கச் சென்ற நேரத்தில் மூன்றாம் இலையின் முன் ஒரு கோப்பைக் கறுப்புப் பீரை ஊற்றி வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்று காத்திருந்தார். மாமா வந்தார், பார்த்தார். கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் கொட்டினார். அந்த இடத்தைத் துணியால் துடைத்தார். இலையை மாற்றிப் புதிய இலை விரித்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை.

"பாத்தியா?" என்றார் தமக்கை என்னிடம். பார்த்தேன். ஆனால் எதைப் பார்த்தேன் என்பது விளங்கவில்லை. இலைக்குரியவர் முசுலிம் என்பதை அது காட்டியது. இலையை விரித்தவர் எந்த மதத்தவர் என்பதைக் காட்டவில்லை.

மாமாவோடு ஒரே படைப்பிரிவில் இருந்த கத்தோலிக்கத் தமிழர் ஒருவர் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார். காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டுக் காப்பிக்கடையில் அமர்வது அவர் வழக்கம். தமக்கையின் வேண்டுகோளின்படி அவரிடம் சென்று, மாமா படையில் இருந்தது உண்மைதானா என்பதிலிருந்து தொடங்கினேன்.

"என்ன வாத்தியாரே, இப்ப வந்து டவுட்டு? அவன் இருந்தான். நானும் இருந்தேன். அட்டை ரெண்டு பேரு காலயும் ஒன்னாத்தான் கடிச்சுச்சு."

"மலாய்க்காரங்க யாரோடயாவது ரொம்ப நெருக்கமா?"

அவர் காப்பியை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு கேக்குறா? நீங்களா, ஒங்க அக்காவா?"

"ரெண்டு பேரும்."

"லீவு கெடச்சா தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போவான். மலாய்க்காரங்க வீடு. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க. அவன்கிட்டயே கேளுங்க."

இதை நான் தமக்கையிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "வீடு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆண்டுதோறும் ஒரு நாள் மாமா தனியே வெளியூர் சென்று வருவார். "பழைய ஆளுங்களப் பாத்துட்டு வரேன்" என்பார். அந்த ஆண்டு காடி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தார். ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், காடிய எடு. தாசேக் கெலுகோர் வரைக்கும்."

நான் வியப்பை மறைக்க முயன்றேன். அவர் சிரித்தார்.

"கோப்பிக் கடையில விசாரிச்சியாமே. விசாரணைக்குப் பதிலா நேராவே வா."

பாலத்தைக் கடந்து வடக்கே சென்றோம். செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே ஒரு சிற்றூர். சாலையோரத்தில் பலகைச் சுவர் வைத்த மலாய் வீடு. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வெளியே வந்தார். மாமாவைக் கண்டதும் ஒரு பெயர் சொல்லி அழைத்தார். அது மலாய்ப் பெயர். அவர் அதற்குத் திரும்பிப் பார்த்த விதத்தில் அப்பெயர் அவருக்கு நன்கு பழகியது என்பது தெரிந்தது. தமக்கை அங்கே இல்லாததற்கு அந்த நொடியில் நான் நன்றி சொன்னேன்.

கூடத்தில் இரண்டு நிழற்படங்கள் மாட்டப்பட்டிருந்தன. ஒன்றில் படையுடையில் ஓர் இளைஞர். மற்றதில் ஒரு முதிய மலாய்த் தாயின் அருகே, தலையில் சொங்கோக் எனும் மலாய்த் தொப்பி அணிந்து என் மாமா. அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். அரசு விழாக்களில் பிற சமயத்தாரும் சொங்கோக் அணிவதுண்டு என்பதை நான் அறிவேன். அந்தப் படத்தில் அரசு விழா எதுவும் தெரியவில்லை.

மாமா மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் புறப்பட்டார். "நீ வெயில்ல நிக்காத மச்சான், தண்ணி குடிச்சிட்டு மெதுவா வா" என்றார். எனக்காகவே அவர் அந்த அம்மையாரோடு என்னைத் தனியே விட்டார் என்று இன்று எண்ணுகிறேன். அது என் எண்ணமே, சான்று இல்லை.

அம்மையார் மலாய் மொழியில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். படையுடையில் இருப்பவர் அவருடைய அண்ணன். என் மாமாவும் அவரும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள். நோன்புப் பெருநாளில் மலாய் வீரர்கள் வீட்டுக்குச் செல்ல, மற்றவர்கள் அவர்களுடைய காவலை ஏற்பார்கள். தீபாவளி வந்தால் மலாய்க்காரர்கள் அந்தக் கடனைத் திருப்புவார்கள். படைமுகாமில் யாரும் எழுதி வைக்காத முறை அது. இன்றும் மருத்துவமனைகளிலும் காவல் நிலையங்களிலும் உண்டு. அந்த ஆண்டு நோன்புப் பெருநாளில் அண்ணன் வீட்டுக்கு வந்து தாயோடு உண்டார். தீபாவளிக்கு என் மாமாவின் காவற்பணியை அண்ணன் ஏற்றார். மாமாவுக்கு அப்போதுதான் திருமணம் முடிந்திருந்தது. மனைவி வீட்டுக்குக் கட்டாயம் போயாக வேண்டிய தீபாவளி அது என்று மாமா சொன்னாராம்.

"அது உங்கள் வழக்கத்தில் பெரிய நாளாமே? மாப்பிள்ளை வராவிட்டால் பெண் வீட்டார் தலைகுனிய வேண்டுமாமே?" என்று அம்மையார் என்னைக் கேட்டார்.

ஆம் என்றேன்.

காவல் சென்றவர் கண்ணிவெடியை மிதித்தார். உடலை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குழிக்குள் இறங்கி உடலை வாங்கியவர்களுள் மாமாவும் ஒருவர் என்று அம்மையார் சொன்னார். அவர் அப்போது சிறுமி. ஆனால் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

அந்தத் தீபாவளியை நான் அறிவேன். என் தமக்கையின் தலைத்தீபாவளி. எல்லையில் இருக்கும் மாப்பிள்ளை வருவாரா என்று உறவினர் வம்பளக்கத் தொடங்கியதும், என் தந்தை ஆள்மேல் ஆள் அனுப்பினார். தமக்கை அழுதார். மாமா வந்தார். பகலில் எதிர்ப்புற மளிகைக் கடைக்கு அவரைக் கேட்டுத் தொலைபேசி வந்தது. போய்ப் பேசிவிட்டுத் திரும்பியவர், விரித்திருந்த இலையில் உட்காராமல் காலணியை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பள்ளி மாணவனாக வாசலில் நின்றிருந்த நான் அதைப் பார்த்தேன். சீரில் வைத்த மோதிரம் போதவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பதே அன்று எங்கள் வீட்டில் எழுதப்பட்ட தீர்ப்பு. என் தந்தை இறக்கும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இடுகாட்டுக்கு நான் சென்றபோது மாமா புல்லைச் செதுக்கி முடித்திருந்தார். கல்லின்மீது நீர் ஊற்றினார். மலாய்க்காரர் வேண்டும்போது கைகளை ஏந்துவார்கள், நாம் கூப்புவோம். அவர் ஏந்தவுமில்லை, கூப்பவுமில்லை. இரு கைகளையும் உடலோடு ஒட்டி நிமிர்ந்து நின்றார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

புறப்படும்போது அம்மையாரிடம் அந்தச் சொங்கோக் படத்தைப் பற்றிக் கேட்டேன். "அம்மா அவரை மகன் என்றுதான் சொன்னார். மகனாகவே ஆகிவிடு என்று கேட்டதும் உண்டு" என்றார். அவர் ஆனாரா என்றேன். "அது அம்மாவுக்கும் அவருக்கும் உள்ளது" என்றார்.

திரும்பும் வழியில் நானே கேட்டேன்.

"மாமா, படத்துல இருந்த அந்தம்மா ஒங்கள மாறச் சொல்லிக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாலம் வந்துருச்சு. லேன் பாத்து ஓட்டு."

மறுநாள் காப்பிக்கடையில் கத்தோலிக்க நண்பரிடம் இவற்றைச் சரிபார்த்தேன். காவல் மாற்றிக்கொண்டது உண்மை என்றார். மாமா கேட்டு மாற்றினார்களா, அந்த மலாய் வீரர் தாமாக முன்வந்தாரா என்றதற்குக் கையை விரித்தார். அந்த மலாய்ப் பெயரைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டார்.

"ஆமியில எவன் பெத்தவங்க வச்ச பேரச் சொல்லிக் கூப்பிட்டான்? எனக்குச் சீனப் பேரு ஒன்னு வச்சிருந்தானுங்க. அதுக்காக நான் இப்ப சீனக் கோயில்ல ஊதுபத்தி கொளுத்துறேனா?"

தமக்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலாய்க்காரி இல்லை என்றதும் அவர் முகத்தில் தோன்றிய தெளிவு, தலைத்தீபாவளி என்ற சொல் வந்ததும் மறைந்துவிட்டது.

"எனக்காகவா வந்தாரு?" என்றார். பிறகு, "ஏன்டா இத்தன வருஷமா சொல்லல?"

மனைவி அந்தச் சுமையைச் சுமக்க வேண்டாம் என்று மறைத்திருக்கலாம். அவரே கேட்டு அந்தக் காவலை மாற்றிக்கொண்டிருந்தால், அதை மறைக்கவும் மறைத்திருக்கலாம். இரண்டையும் தமக்கையிடம் சொன்னேன். "நீ வாயத் தொறந்தா எல்லாமே ரெண்டு ரெண்டாத்தான் வரும்" என்று எழுந்து போய்விட்டார்.

தீபாவளிக்கு முதல்நாள், மாமா சமைக்க அடுக்களைக்கு வந்தபோது தனிச் சட்டி ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. தமக்கை திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"அவருக்கு ஒறப்பு ஆகுமா?"

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். பின்பு, "ஒறப்பு பரவால்ல. மீன் தலைன்னா உசுரு" என்றார்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? இத்தன வருஷமா கோழியவே வச்சிருக்கீங்க."

"மீன் தலை எனக்கு ஆக்கத் தெரியாது."

என்னைப் பாசாருக்கு அனுப்பினார்கள். மூன்று இலைகளும் இம்முறை ஒரே வரிசையில் இருந்தன. விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மகனும் மருமகளும் தெருமுனை வரை சென்றிருந்தார்கள். வாசலில் நாங்கள் மூவர் மட்டும்.

தமக்கை தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"நான் ஒன்னு கேப்பேன். கோவமில்ல எனக்கு. நாளைக்கு ஒங்களுக்கு ஏதாவது ஒன்னுன்னா எங்க கொண்டுபோகணும்னு தெரியணும். தம்பி சாட்சி. நீங்க மாறிட்டீங்களா, இல்லியா?"

மாமா சாத்திய கதவைப் பார்த்தார்.

"உள்ள சாப்பிடுறாங்க. சத்தம் போடாத."

தமக்கை அதற்குமேல் கேட்கவில்லை. அந்த நேரத்தில் பேசக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கமே. அந்த வழக்கத்தின் பின்னால் மாமா ஒளிந்துகொண்டாரா, அல்லது உண்மையாகவே உண்பவர்களை மதித்தாரா என்று நான் ஐயுற்றேன். இன்னும் ஐயுறுகிறேன்.

அறுவை மருத்துவம் நடந்தது. மாமா பிழைத்து வீடு திரும்பினார். மாலையில் மெல்ல நடக்கிறார். நாடு சோறு போட்டது என்ற பழைய விடையை அண்மையில் பேரனிடம் சொல்லக் கேட்டேன். அருகில் அமர்ந்திருந்த தமக்கை, "யாரு போட்டதுன்னு சரியாச் சொல்லுங்க" என்றார். அவர் சொல்லவில்லை. அடையாள அட்டை இன்னும் தமக்கையின் கைப்பையில்தான் இருக்கிறது.

காவலை மாற்றும்படி முதலில் கேட்டவர் யார் என்பது எனக்குத் தெரியாது. நாடு என்று அவர் சொல்வது அந்த ஒருவரைத்தானா என்பதும் தெரியாது. அவர் மதம் மாறினாரா, இல்லையா என்பது எனக்கும் தெரியாது, என் தமக்கைக்கும் தெரியாது.